ஒன்றா, பதினாலா

1

இந்தக் கதை ஒரு பட்டியலாகத்தான் ஆரம்பித்தது. வீடியோ கேம்களுக்கென்று இணைய இதழ் நடத்தும் மச்சினன், ‘எனக்குப் பிடித்த பத்து இரண்டாம் பாகங்கள்’ என்று ஒரு கட்டுரை கேட்டான். லிஃப்ட் மெக்கானிக் ஒருவன் அதை எழுதிக் கொடுத்தான். ஒன்பது விளையாட்டுகளை எழுத அரை நாள் போதுமாக இருந்தது. முதலிடத்தில் வைத்த விளையாட்டை மட்டும் அவன் விளையாடியதே இல்லை.

அந்த மெக்கானிக்கை ‘அவன்’ என்றே சொல்லப்போகிறேன். ‘நான்’ என்று வைத்து மூன்று முறை ஆரம்பித்துப் பார்த்தாயிற்று.

நான் என் மனைவி இறந்த பிறகு

நானும் அவளும் ஒரே கன்ட்ரோலரை

நான் விளையாடாத ஒரு

மூன்றையும் அழிக்கவில்லை. மெக்கானிக் என்று போட்டால் வாக்கியம் முற்றுப்புள்ளி வரை போய்ச் சேருகிறது. அதனால் மெக்கானிக்.

2

மச்சினன் போன் செய்தபோது மெக்கானிக் பதினோரு மாடிக் கட்டடம் ஒன்றின் உச்சியில், மோட்டார் அறையில், கவிழ்த்துப்போட்ட வாளிமேல் உட்கார்ந்திருந்தான். கையெல்லாம் கிரீஸ். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டான்.

“அத்தான், கட்டுரை படிச்சேன். ஒன்பது வரைக்கும் நல்லா வந்திருக்கு. முதலிடம்தான் இடிக்குது.”

“என்ன இடிக்குது?”

“படகுக்காரி ரெண்டாம் பாகம். ‘தண்ணீர் மிக நன்றாக இருக்கிறது’ன்னு எழுதியிருக்கீங்க.”

“நல்லாத்தான இருக்கு.”

“முதல் பாகத்துலயும் தண்ணிதான் அத்தான். வேற ஒண்ணுமே சொல்லலையே. பொண்ணு பாக்கப் போனவன் அவங்க வீட்டு ஃபேன் நல்லாயிருக்குன்னு சொன்ன மாதிரி இருக்கு.”

மெக்கானிக் விரலிலிருந்த கிரீஸைப் பேன்ட்டில் துடைத்தான்.

“பெட்டியப் பிரிச்சீங்களா?”

“பிளாஸ்டிக் உறை இருக்கு.”

“வெளிவந்த அன்னைக்கே வாங்கிக் குடுத்தேன். ஒன்றரை வருஷம் ஆச்சு. அத்தான், நம்ம வாசகருங்க பொல்லாதவங்க. மூணாவது வரியிலயே மோப்பம் பிடிச்சிருவாங்க. திங்கக்கிழமை காலையில பதிவு ஏத்துறேன். அதுக்குள்ள விளையாடுங்க. இல்லன்னா அதை மட்டும் எடுத்துடுறேன்.”

“எடுக்காத.”

“அப்ப விளையாடுங்க.”

[மச்சினன் இவ்வளவு கறாராக இருப்பானா என்று சந்தேகம் வரலாம். முதல் வரைவில் அவன் குரல் தழுதழுத்தது. உண்மையில் அவனுக்குத் தழுதழுக்கத் தெரியாது. அக்கா இறந்த வீட்டில், வந்தவர்களின் செருப்புகளை ஜோடி ஜோடியாக அடுக்கிக்கொண்டு வாசலிலேயே நின்றவன்.]

3

விளையாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

வெள்ளத்தில் மூழ்கிய ஒரு நகரம். ஒரு பெண், ஒரு படகு, ஒரு துடுப்பு, ஒரு எண்ணெய் விளக்கு. மாடிகளிலும் மரங்களிலும் மாட்டிக்கொண்டவர்களை ஏற்றிக் கரை சேர்க்க வேண்டும். எல்லோரையும் ஏற்ற முடியாது. பதின்மூன்று அத்தியாயங்கள்.

முதல் பாகத்தை முடித்துவிட்டால், நீங்கள் காப்பாற்றிய ஆட்கள் இரண்டாம் பாகத்தில் கரையில் குடியிருப்பார்கள். விட்டுவிட்டு வந்தவர்கள் இருக்க மாட்டார்கள். முடிக்காதவர்களுக்கு அது யாரோ சில பேரைக் கரையில் நிறுத்திவைக்கும். அப்படியும் விளையாடலாம். மெக்கானிக்குக் கரையில் யாரோ நிற்பதில் விருப்பமில்லை.

பொதுவாக இரண்டாம் பாகங்கள் இரண்டு வகை. முதல் பாகத்தை நினைவு வைத்திருப்பவை, மறந்தது போல் நடிப்பவை. இரண்டாவது வகையில் ஒரு கேவலமான பழக்கம் உண்டு. நாயகனுக்கு ஒரு காரணம் வேண்டுமென்று முதல் காட்சியிலேயே அவன் மனைவியைக் கொன்றுவிடுவார்கள். பட்டியலின் முன்னுரையில் மெக்கானிக் இதைக் கண்டித்து ஒரு பத்தி எழுதினான். பிறகு எடுத்துவிட்டான். இந்தக் கதையிலும் அவள் முதல் பகுதியிலேயே இறந்துவிட்டாள். கண்டிக்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

மெக்கானிக்கும் அவளும் முதல் பாகத்தை முறை வைத்து விளையாடினார்கள். ஒற்றைப்படை அத்தியாயம் அவனுக்கு, இரட்டைப்படை அவளுக்கு. ஒருவர் விளையாடும்போது மற்றவர் பார்க்கக் கூடாது, சமைக்கலாம். அப்படியானால் என்ன நடந்தது என்று அடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

இதற்கு மெக்கானிக் தன் தொழிலிலிருந்து ஒரு வழி கொண்டுவந்தான். ஒவ்வொரு மோட்டார் அறையிலும் ஆணியில் ஒரு நோட்டுப் புத்தகம் தொங்கும். வந்தவன் எங்கே நிறுத்தினான், என்ன மீதி, எதில் ஜாக்கிரதை என்று எழுதி, ‘ஒப்படைத்தவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவான். அடுத்து வருகிறவன் ‘ஏற்றுக்கொண்டவர்’ என்ற இடத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் ஸ்பானரைத் தொடலாம். அதே மாதிரி ஒரு நோட்டைக் கோடு போட்டு டி.வி. மேசைமேல் வைத்தான்.

“இன்ஸ்பெக்டர் சார், வீட்டுக்கும் லாக் புக்கா?” என்றாள் அவள். அப்புறம் அவனைவிட அதிகமாக எழுதியவள் அவள்தான்.

‘அத்தியாயம் 4. விளக்கில் எண்ணெய் கால்வாசி. தையல்காரரை ஏற்றியாச்சு. மெஷினோடதான் வருவேன்னு அடம். ஏற்றினேன்.’

‘அத்தியாயம் 8. ஒரு ஆளை விட்டுட்டேன். திட்டாதே. படகில் இடம் இருந்தது. அவன் பேச்சு பிடிக்கலை.’

4

இங்கேதான் எனக்குச் சிக்கல். எழுத எழுத அவள் ரொம்ப நல்லவளாக வருகிறாள். கொஞ்சம் சரிசெய்கிறேன்.

ஒரு பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் அவளுக்கு வேலை. முகம்கூடப் பார்க்காத ஆட்களிடம் போனில் “வலிக்கவே வலிக்காது” என்று நாளுக்கு முப்பது தடவை சத்தியம் செய்வாள். டி.வி. சத்தத்தைக் குறைக்க மாட்டாள். ஈரத் துண்டைக் கட்டிலில் போடுவாள். தோற்கிற மாதிரி இருந்தால் பிளக்கைக் காலால் தட்டிவிட்டு, கரன்ட் போய்விட்டது என்பாள்.

விளையாட்டை நிறுத்துவதற்கு முன் படகை ஏதாவது ஒரு சுவர் ஓரமாகக் கொண்டுபோவாள். படகுக்காரியின் முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிய பிறகுதான் சேமிப்பாள்.

“அதுவும் தூங்கணும்ல. முகத்துல லைட் அடிச்சா எப்படித் தூங்கும்?”

இரண்டாம் பாகம் வரப்போகிறது என்று அறிவிப்பு வந்த அன்று, துணி மடித்துக்கொண்டே சண்டை தொடங்கியது.

“அதுல முதல் அத்தியாயம் யாருது?” என்றாள்.

“ஒண்ணு ஒத்தப்படை. என்னுது.”

“ஒண்ணு எப்படி ஆகும்? பதிமூணுக்கு அப்புறம் பதினாலு. ரெட்டப்படை. என்னுது.”

“அத்தியாயம் ஒண்ணுன்னுதான் போட்டிருப்பான்.”

“அவன் போடுவான். அதே படகு, அதே ஆளுங்க, அதே தண்ணி. இதுல ஒண்ணு எங்கருந்து வந்துச்சு? ரெண்டாங் கல்யாணம் பண்றவன் ஒண்ணுலருந்தா எண்ணுவான்?”

“சில பேர் எண்ணுவாங்க.”

“எண்ணித்தான் பாரேன்.”

[கல்யாண வரியை எடுத்துவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். பின்னால் நடக்கப்போவது தெரிந்து எழுதியது போல இருக்கிறது. அவள் சொன்னதுதான். விட்டுவிட்டேன்.]

பன்னிரண்டாம் அத்தியாயத்தை அவள் முடித்தாள். பதின்மூன்று, கடைசி, அவன் முறை. ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம் என்றான். அந்த ஞாயிறு ஒரு கட்டடத்தில் கம்பிவடம் மாற்ற வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிறு வேறொரு கட்டடம். நான்கு ஞாயிறுகள் போயின. ஐந்தாவது ஞாயிறு வருவதற்கு முன் வந்த செவ்வாய்க்கிழமை, வரவேற்பு மேசையில், கையில் போனோடு அவள் சாய்ந்தாள். மூளையில் இரத்தக்குழாய். முப்பத்தொரு வயது. இதற்குமேல் அதைப் பற்றி இந்தக் கதைக்குத் தேவையில்லை.

இரண்டு வருடமாக மெக்கானிக்கின் முறை.

5

சேமிப்பை, அதாவது நிறுத்திய இடத்தின் பதிவை, நகல் எடுத்துக்கொள்ளலாமே என்று கேட்பவர்களுக்கு: முடியாது. படகுக்காரி ஒரே ஒரு சேமிப்பைத்தான் வைத்துக்கொள்ளும், பிரதி எடுக்க விடாது. பெட்டியின் பின்புறத்திலேயே பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள்: ‘பின்னோக்கிப் போகும் படகு இல்லை.’ அவன் விளையாட ஆரம்பித்து, முதல் படகுத்துறையைத் தொட்டதும் அது தானாகப் பதிந்துகொள்ளும். அவள் கடைசியாக நிறுத்திய இடம் அத்தோடு போயிற்று.

தொடாவிட்டால், அவர்கள் இரண்டு பேரும் ஏற்றிவந்த ஆட்கள் எந்தக் கரைக்கும் போகப்போவதில்லை.

இவ்வளவுதான் விஷயம். ஒரு விளையாட்டுக்கு இவ்வளவா என்றால், ஆமாம், இவ்வளவு.

6

ஞாயிறு காலை பத்து மணிக்கு மச்சினன் வந்தான், சொல்லாமல்.

“சோதனைக்கு வந்தியா?”

“சாட்சிக்கு வந்தேன்.” செருப்பை ஓரமாக வைத்துவிட்டு வந்து நோட்டை எடுத்தான். “இதான் அந்த லாக் புக்கா? அக்கா எனக்கு ஒரு நாள்கூடக் காட்டல. கன்ட்ரோலரக் கேட்டா, நகம் வெட்டிட்டு வான்னுவா.”

“வெட்டியிருக்கியா?”

“அத்தான்.”

மச்சினன் கடைசிப் பக்கத்துக்குப் போய் வாய்விட்டுப் படித்தான். “அத்தியாயம் பன்னெண்டு. எண்ணெய் அரை. படகில் நாலு பேர். சுவர் ஓரமாத் தூங்குது, எழுப்பும்போது மெதுவா எழுப்பு. பதிமூணு முடிச்சதும் கூப்பிடு. அடுத்தது பதினாலு. பேச்சே இல்லை.” பக்கத்தைத் திருப்பினான். அடுத்தது வெற்றுத்தாள். “ஏற்றுக்கொண்டவர்ங்கிற இடம் காலியா இருக்கே.”

“ம்.”

“ரெண்டு வருஷமாவா? உங்க கம்பெனியில இப்படிப் பண்ணா விடுவாங்களா?”

“மாட்டாங்க.”

மெக்கானிக் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டான். நோட்டை மூடினான். டி.வி.யோடு இணைத்திருந்த கன்சோலை இயக்கினான்.

திரை வெளுத்து, பிறகு இருண்டு, தண்ணீர் வந்தது. ஒரு பாழடைந்த நூலகத்தின் சுவர் ஓரமாகப் படகு. நான்கு பேர் குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். மடியில் மெஷினோடு தையல்காரரும் இருந்தார். படகுக்காரி சுவரைப் பார்த்து நின்றாள். சடை மட்டும் தெரிந்தது.

மச்சினன் சோபாவின் ஓரத்துக்கு நகர்ந்தான். பிறகு, “சுவத்துல போய் முட்டிக்கிட்டு நிக்குது. அக்கா ஓட்டுன ஸ்கூட்டர் மாதிரியே” என்றான்.

மெக்கானிக் சிரித்தான். கட்டைவிரலை மெதுவாக நகர்த்தினான். படகுக்காரி திரும்பினாள்.

அவள் முகம் எப்படி இருந்தது என்று எழுத

எப்போதும் போலத்தான் இருந்தது. விளையாட்டில் அதற்கு ஒரே முகம்.

7

முடிவுகள். மூன்று எழுதிப் பார்த்தேன்.

(அ) மெக்கானிக் பதின்மூன்றை முடிக்கிறான். இரண்டாம் பாகத்தின் உறையைக் கிழிக்கிறான். கரையில் தையல்காரர் கடை போட்டிருக்கிறார். திரையில் ‘அத்தியாயம் 1’ என்று வருகிறது. அவன் விளையாடுகிறான். பட்டியல் முழுமையாகிறது. இது நல்ல முடிவு. ஆனால் இதில் அவள் வாதத்தில் தோற்கிறாள்.

(ஆ) அவளுடையது பதினான்கு என்று ஒத்துக்கொண்டு, கன்ட்ரோலரை மச்சினனிடம் நீட்டுகிறான். “நகம் வெட்டிட்டேன்” என்கிறான் அவன். வாசகர்களுக்குத் தொண்டை அடைக்கும். மச்சினனிடம் படித்துக் காட்டினேன். “நான் படகுல ஏறுனா நாலு பேரும் முங்கிருவாங்க அத்தான்” என்றான்.

(இ) அணைத்துவிடுகிறான். சேமிக்காமல் அணைத்தால் படகுக்காரி மறுபடியும் சுவரைப் பார்த்து நிற்பாள். முதலிடத்தில் வேறொன்று வருகிறது. யாருக்கும் தெரியாது.

நடந்தது இது: சுவரை விட்டு விலகி, நூலகத்தைத் தாண்டி, ஒரு குறுகிய தெரு வழியாக அவன் படகை ஓட்டினான். தூரத்தில் படகுத்துறையின் விளக்கு தெரிந்தது. கிட்டே வந்ததும் துடுப்பை நிறுத்தினான்.

“என்னாச்சு?” என்றான் மச்சினன்.

“டீ போடுறேன்.”

அடுப்பில் பால் இருக்கிறது. முதல் ஐந்து பகுதிகள் முன்பே எழுதிவைத்தவை; மீதியைப் பக்கத்தில் நின்றுதான் எழுதுகிறேன், அதே நோட்டில், வெற்றுத்தாளில். மச்சினன் ஹாலிலிருந்து, “அத்தான், கட்டுரை வேணாம், இதையே குடுங்க, போட்டுடுறேன்” என்கிறான். பட்டியல் கேட்டு வந்தவர்கள் மன்னிக்க வேண்டும். முதலிடம் படகுக்காரி இரண்டாம் பாகம்தான். விளையாடவில்லை. தண்ணீர் நன்றாகத்தான் இருக்கும்.

( )

இந்தப் பகுதிக்கு எண் போடவில்லை. எட்டு என்றும் போடலாம், ஒன்று என்றும் போடலாம். உங்கள் விருப்பம்.

இடம்: படகுக்காரி, முதல் பாகம், அத்தியாயம் 13.

நிறுத்திய நிலை: படகுத்துறைக்கு ஒரு துடுப்பு முன்னால். படகில் நாலு பேர். எண்ணெய் கால்வாசி. கன்சோல் இயக்கத்தில் இருக்கிறது.

மீதி வேலை: ஒரு துடுப்பு. அல்லது அணைப்பது.

ஜாக்கிரதை: துடுப்பு போட்டால் சுவர் போகும். அணைத்தால் கரை போகும். எதைச் செய்தாலும் மெதுவாக.

ஒப்படைத்தவர்: நான்.

ஏற்றுக்கொண்டவர்: