கட்டிலில் இருப்பவர் செல்லச்சாமி

குருவம்மாள் மத்தியானம் கொஞ்ச நேரம் சாய்ந்தாள். கண் விழித்தபோது அவள்தான் நோயாளி. அந்த ஆஸ்பத்திரியில் அப்படித்தான். கட்டிலில் இருப்பவர் நோயாளி, ஸ்டூலில் இருப்பவர் துணைக்கு வந்தவர். இதில் குழப்பத்துக்கே இடமில்லை என்று அங்கே எல்லாரும் சொன்னார்கள்.

கட்டில் அவள் கணவருடையது. அவர் பெயர் செல்லச்சாமி. நாம் சொல்லலாம், அவள் சொல்ல மாட்டாள். கல்யாணமான நாளிலிருந்து அந்தப் பெயர் அவள் வாயில் வந்ததில்லை. ரேஷன் கடையில் கேட்டால் கார்டைக் காட்டுவாள். பேங்கில் கேட்டால் அவரையே காட்டுவாள். வீட்டில் "என்னங்க", வெளியில் "எங்க வீட்டுக்காரரு". அவரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவரில்லை. அவருக்கு அவள் "ஏளா". ரொம்பக் கோபமென்றால் வெறும் "ஏ". இதை வைத்துக்கொண்டே பிள்ளைகளைப் பெற்று, வளர்த்து, கட்டியும் கொடுத்துவிட்டார்கள்.

செல்லச்சாமிக்குச் சர்க்கரை. வலது காலில் பெருவிரலுக்கு அடுத்த விரல் கறுத்துப்போய்விட்டது. அந்த விரலை எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். மறுநாள் காலையில் ஆபரேஷன். அதற்கு முன்னால் எக்ஸ்ரே எடுக்க அவரைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். போகும்போது கையிலிருந்த பெயர்ப் பட்டையைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். அரிக்கிறதாம். தொலைந்துவிடக் கூடாதே என்று அவள் அதைத் தன் கையில் மாட்டிக்கொண்டாள். எதையும் பத்திரமாக வைக்க அவளுக்குத் தெரிந்த இடம் தன் உடம்புதான்.

பிறகு கட்டிலைப் பார்த்தாள். காலியாக இருந்தது. கோவில்பட்டியிலிருந்து வந்த நாள் முதல் அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடிதான் தூங்குகிறாள். அதைத் தூக்கம் என்று சொன்னால் தூக்கத்துக்கே கேவலம். ஒரு நிமிஷம் முதுகை நீட்டலாம் என்று சாய்ந்தாள்.

சிஸ்டர் எப்சிபா ஊசியோடு வந்தாள். அவளும் தூங்கி வெகுநாளாகியிருந்தது. அவளை மாற்றிவிட வேண்டிய சிஸ்டர் வராந்தாவில் வந்துகொண்டிருப்பதாகத் தகவல். வந்துகொண்டே இருந்தாள்.

"ஐயா, உங்க பேரு?" என்று எப்சிபா கேட்டாள்.

அது நோயாளிகள் பாதுகாப்பு வாரம். பெயரைக் கேட்காமல் யாருக்கும் ஊசி போடக் கூடாது. நோயாளி தன் வாயால் சொல்ல வேண்டும். குருவம்மாளுக்கு அரைத் தூக்கம். வீட்டுக்காரர் பெயரைக் கேட்கிறார்கள் என்பது மட்டும் புரிந்தது. வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"பேச முடியலையா? பரவால்ல." எப்சிபா அவள் கைப்பட்டையைப் பார்த்தாள். "செல்லச்சாமி. சரி." ஊசியைப் போட்டுவிட்டாள்.

சுருக்கென்றதும் தூக்கம் போய்விட்டது. "ஐயையோ! தாயி, நான் குருவம்மா!"

"குருவம்மா துணைக்கு வந்தவங்க. எக்ஸ்ரேக்குப் போயிருக்காங்க."

"நான் பொம்பள தாயி!"

எப்சிபா கேஸ் ஷீட்டைப் பொறுமையாகப் பார்த்தாள். "ஆண்னு போட்டிருக்கு. இது ஆண்கள் வார்டு. பொம்பளைங்க இங்க படுக்க விதி கிடையாது. நீங்க படுத்திருக்கீங்கள்ல?"

குருவம்மாள் தன்னைப் பார்த்துக்கொண்டாள். படுத்துத்தான் இருந்தாள்.

செல்லச்சாமி நடந்தே திரும்பி வந்தார். "வாங்கம்மா, ஸ்டூல்ல உட்காருங்க" என்றாள் எப்சிபா. அவர் உட்கார்ந்தார். கால் கட்டை அவிழ்த்துப் பார்த்தார். விரல் நன்றாக இருந்தது. துணைக்கு வந்தவருக்குப் புண் இருக்க வழியில்லை. குருவம்மாள் போர்வையை விலக்கித் தன் காலைப் பார்த்தாள். வலது காலில் மெட்டி போட்ட விரல். நுனி கறுக்கத் தொடங்கியிருந்தது.

"என்னங்க இது?"

"வலிக்கலளா."

"எனக்கு வலிக்குதே."

"அப்படித்தான் வலிக்கும். நான் சொன்னப்ப நீ நம்பல."

"சிஸ்டர்கிட்ட சொல்லுங்க. ஆளு மாறிப்போச்சுன்னு சொல்லுங்க."

"சொல்லுதேன். ஒரு டீ குடிச்சிட்டுச் சொல்லுதேன்." அவர் விரலை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டார். சின்னப் பிள்ளைக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்ததுபோல இருந்தது அவர் முகம்.

டீ குடித்தார். சொல்லவில்லை.

குருவம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும். இன்னொரு பக்கம் சுகமாகவும் இருந்தது. யாரோ வந்து சாப்பிட்டீர்களா என்று கேட்டார்கள். என்ன சாப்பிட்டாள் என்பதை எழுதிக்கூட வைத்துக்கொண்டார்கள். தலையணை சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். இத்தனை வருஷத்தில் அவளிடம் இதையெல்லாம் கேட்டவர் யார்? விரல் வலித்தது. முதுகு வலிக்கவில்லை. எது பெரிது என்று யோசிப்பதற்குள் தூங்கிப்போனாள்.

செல்லச்சாமி ஃப்ளாஸ்கை எடுத்துக்கொண்டு வெந்நீர் பிடிக்கப் போனார். அந்த வராந்தா டாக்டர்கள் நடந்தால் சுருங்கும், துணைக்கு வந்தவர்கள் நடந்தால் நீளும். அவர் திரும்பி வந்தபோது தாடி வளர்ந்திருந்தது. வெந்நீர் ஆறிப்போயிருந்தது. "தெனமும் இவ்வளவு தூரமா போன நீ?" என்று கேட்டார். அவள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள். நோயாளி ஓய்வில் இருக்க வேண்டும்.

சாயங்காலம் அவர் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே தூங்கிக் கீழே விழுந்தார். எப்சிபா எட்டிப் பார்த்தாள். "பேஷண்ட் விழுந்தாத்தான் ரிப்போர்ட்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

குருவம்மாள் அவளைக் கூப்பிட்டாள். "தாயி, உனக்கே தெரியும். தப்பு நடந்துபோச்சு."

எப்சிபா அக்கம்பக்கம் பார்த்தாள். குனிந்து மெதுவாகச் சொன்னாள். "தெரியும்மா. ஆனா தப்பு நடக்க முடியாது. வாசல்ல போர்டு பாத்தீங்கல்ல, தவறு நடக்காத நாட்கள்னு? தப்பு நடந்தா அதுல பூஜ்யம் மாட்டணும். பூஜ்யம் போட்ட அட்டை தொலைஞ்சுபோச்சு."

"புதுசு வாங்கக் கூடாதா?"

"எதுக்குன்னு கேப்பாங்க. தப்பு நடந்திருக்கான்னு கேப்பாங்க." அவள் கண் சிவந்து கிடந்தது. பாவம், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. "நாளைக்கு தியேட்டர்ல பேரு கேப்பாங்க. கேஸ் ஷீட்ல இருக்கிற பேருக்கு ஆளு இருக்கணும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும்."

கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற குளுக்கோஸ் ஸ்டாண்டு இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் பெயர் பொற்கொடி. எப்போதோ அப்பாவுக்குத் துணையாக வந்த பெண். அன்றைக்கு வார்டில் ஸ்டாண்டு பற்றாக்குறை. பாட்டிலைக் கொஞ்ச நேரம் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். பிடித்தாள். கை மரத்துப்போனது, பிறகு கால், பிறகு மற்றதெல்லாம். அப்பா குணமாகி ஊருக்குப் போய்விட்டார். அவளை அனுப்பவில்லை. அவள் முதுகில் ஆஸ்பத்திரி நம்பர் எழுதியிருந்தது.

"ரொம்ப நேரம் இருந்துராதீங்க அத்தை" என்றாள் பொற்கொடி. "நானும் சும்மாதான் நின்னேன். ஒருத்தராச்சும் பேரு சொல்லிக் கூப்பிட்டிருந்தா திரும்பியிருப்பேன். ஏம்மா, இந்தாம்மான்னுதான் கூப்பிட்டாங்க. அது யாரையோன்னு நெனச்சேன்."

காலையில் ஸ்ட்ரெச்சர் வந்தது. எப்சிபா சோப்பு போட்டு மெட்டியைக் கழற்றினாள்.

"அவரு இருக்கும்போது கழட்டக் கூடாது தாயி."

"யாரு இருக்கும்போது?"

குருவம்மாளுக்குப் பெயர் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டூலைக் காட்டினாள்.

எப்சிபா மெட்டியை ஸ்டூலில் இருந்தவரிடம் கொடுத்தாள். செல்லச்சாமி அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். குருவம்மாளின் முகத்தை அவர் பார்க்கவில்லை. ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஸ்ட்ரெச்சருக்குப் பின்னால் வந்தார். தியேட்டர் கதவுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். ஸ்டாண்டு உள்ளே போக வேண்டும் என்பதால் பொற்கொடி உருண்டு கூடவே வந்தாள்.

உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. முகமூடிக்குப் பின்னாலிருந்து டாக்டர் கேட்டார். "உங்க பேரு?"

"குருவம்மா."

"அது வெளிய உட்கார்ந்திருக்கிறவங்க. உங்க பேரு?"

"சாமி, நான் குருவம்மாதான். சத்தியமா."

"பேஷண்டுக்குக் குழப்பம் இருக்கு" என்றார் டாக்டர். எப்சிபா அதை எழுதிக்கொண்டாள்.

ஈரப் பஞ்சு விரலில் பட்டது. குருவம்மாள் காலை இழுத்துக்கொண்டாள். இதுவரைக்கும் அவளுக்கு இருந்தது அசதி. இப்போது வந்தது பயம். அதற்குப் பின்னாலேயே கோபமும் வந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு மனுஷன் டீ குடித்துவிட்டுச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அவருடைய காலுக்காக எத்தனை நாள் இந்த வராந்தாவில் நடந்திருப்பாள். இப்போது அவளுடைய காலுக்கு அவர் கதவைக்கூடத் தட்டவில்லை.

"கடைசியா கேக்கேன். பேரு சொல்லலைன்னா பட்டையப் பாத்து ஆரம்பிச்சிருவோம். உங்க பேரு?"

பொற்கொடியின் பாட்டில் ஒருமுறை கடகடவென்று ஆடியது.

குருவம்மாள் வாயைத் திறந்தாள். டாக்டருக்குப் பதில் சொல்லத் திறக்கவில்லை. பஸ் கிளம்பிக்கொண்டிருக்கும்போது கடலைமிட்டாய் வாங்க இறங்கிய ஆளைக் கூப்பிடுவதுபோல, தொண்டை கிழியக் கூப்பிட்டாள்.

"ஏய் செல்லச்சாமி!"

கூரை இடிந்து விழவில்லை. நாக்கும் அழுகவில்லை. இத்தனை வருஷமாக உள்ளேயே கிடந்த பெயர், அவ்வளவு லேசாக வெளியே வந்தது.

வெளியே ஸ்டூல் உருளும் சத்தம் கேட்டது.

"என்னளா?" என்றது அவர் குரல். "இந்தா வாரேன்."

கதவு திறந்தது. அவர் உள்ளே வந்தார். முதல் அடி நன்றாக வைத்தார். அடுத்ததில் லேசாக விந்தினார். மேஜைக்குப் பக்கத்தில் வருவதற்குள் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. பொற்கொடியைப் பிடித்துக்கொண்டார். அவருடைய வலது கால் விரல் கறுத்திருந்தது.

"யாரு நீங்க?" என்றார் டாக்டர்.

"செல்லச்சாமி."

"அது இவரு."

"இல்லங்க. நாந்தான். இவ என் வீட்டுக்காரி."

"பேரு?"

செல்லச்சாமி அவளைப் பார்த்தார். நேற்றிலிருந்து இப்போதுதான் பார்க்கிறார். அவருக்கும் வாய் வரவில்லை. சொல்லக் கூடாது என்று அவருக்கு யாரும் விதி போட்டதில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான்.

"குருவம்மா" என்றார். சரிதானே என்று அவளிடம் கேட்பதுபோல இருந்தது. அவள் சரி என்று தலையாட்டினாள்.

"ரெண்டு பேரும் வாயால சொல்லிட்டாங்க டாக்டர்" என்றாள் எப்சிபா. சொல்லி முடித்ததும் நீளமாக ஒரு கொட்டாவி விட்டாள்.

"அப்போ தப்பு நடந்திருக்கா?"

"பூஜ்யம் இல்ல டாக்டர்."

"சரி, அப்போ நடக்கல. ஆளை மாத்துங்க."

குருவம்மாள் இறங்கினாள். தரை சில்லென்றிருந்தது. அவள் விரலில் கறுப்பு இல்லை. பட்டையைத் தன் கையிலிருந்து கழற்றி அவர் கையில் மாட்டினாள். இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். அவர் சட்டைப் பையிலிருந்து மெட்டியை எடுத்துக் குனிந்து போட்டுக்கொண்டாள். அவரைத் திட்ட நிறைய வைத்திருந்தாள். மேஜையில் ஏறிப் படுத்தவர் அவள் சேலை நுனியைப் பிடித்துக்கொண்டார்.

"குருவம்மா, பயமா இருக்கு. வெளியதான இருப்ப?"

அவளுக்குக் கண் கலங்கியது. வலி அவளுக்குத் தெரியும். அது பொய்யில்லை என்பதும் இப்போது தெரியும்.

"இருக்கேன்" என்றாள்.

போகிற போக்கில் ஸ்டாண்டைப் பார்த்து, "பொற்கொடி" என்று கூப்பிட்டாள். அதன் ஒரு சக்கரம் லேசாகத் திரும்பியது.

கதவு மூடிக்கொண்டது. வெளியே ஸ்டூல் கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் போட்டு உட்கார்ந்தாள். அது இன்னும் சூடாக இருந்தது. வராந்தா இரண்டு பக்கமும் நீண்டுகொண்டு போனது. தூரத்தில் யாரோ ஒரு சிஸ்டர் வந்துகொண்டிருந்தாள். குருவம்மாளுக்குக் கண் சொக்கியது. எதிரில் சுவரோரமாக ஒரு கட்டில், வெள்ளை விரிப்பு விரித்து, காலியாகக் கிடந்தது. அவள் அதைப் பார்க்காமல் கதவையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.