காதில் விழுந்த நேரம்

முப்பத்து மூன்று மணி நேரமும் இருபது நிமிடமும் அந்தச் செய்தி என்னிடம் இருந்தது. சனிக்கிழமை காலை எட்டு நாற்பதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மாலை ஆறு மணி வரை.

எட்டு நாற்பது என்பதில் சந்தேகமில்லை. அண்ணாவின் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தபடி வாசலில் நின்றிருந்தேன். சைக்கிளில் ஒருவர் வந்து இறங்கினார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

“பரந்தாமன் ஊடு இதுங்களா?”

“பின்கட்டுல இருக்கார். இப்ப மலைக்குப் போயிருக்கார்.”

பரந்தாமன் எங்கள் வீட்டின் பின்கட்டில் குடியிருந்தார். ஒற்றைத் தறி, ஒற்றை ஆள். கலியாணம் ஆகவில்லை. அன்று மதியம் பூப்பந்து அரையிறுதி இருந்தது. புதுப் பந்தை மலைமேல் சுவாமியின் காலடியில் வைத்து எடுத்துவரப் போயிருந்தார்.

வந்தவர் செருப்பைக் கழற்றினார். ஆனால் படி ஏறவில்லை.

“பள்ளிப்பட்டுலேர்ந்து வரேம்மா. பேரு துளசிங்கம். ஊர்ல நல்லது கெட்டதுக்குச் சேதி கொண்டு போறவன். பரந்தாமனோட அக்கா சின்னம்மா நேத்து ராத்திரி தவறிட்டாங்க. மூணு நாளா ஜொரம். இன்னிக்கு வெளக்கு வெக்கறதுக்குள்ள எடுத்துடுவாங்க. பொறந்த ஊட்டுக் கோடிக்காக வெச்சிகினு இருக்காங்க.”

நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

“மலைமேல போயி இந்தச் சேதிய சொல்லக் கூடாதும்மா. எறங்கி வந்ததும் நீங்களே சொல்லிடுங்க. பத்தேகால் பஸ்ஸுல ஏத்தி உட்டுட்டாப் போதும்.”

“தண்ணி குடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

“வாணாம்மா. அரக்கோணத்துல ஒரு ஊடு பாக்கி. அங்கியும் சொல்லிட்டுத்தான் வாயில தண்ணி.” சைக்கிளில் ஏறியவர் திரும்பிப் பார்த்தார். “சொல்லிடுவீங்க இல்ல?”

“ஆங்” என்றேன்.

கலியாணமாகிப் போன பெண் இறந்தால், பிறந்த வீட்டிலிருந்து கோடியாக ஒரு புதுப் புடவை வர வேண்டும். கூடப் பிறந்தவன் கொண்டுவந்து மேலே போர்த்த வேண்டும். அதற்குப் பிறகுதான் தூக்குவார்கள். சின்னம்மாளுக்குக் கூடப் பிறந்தவர் பரந்தாமன் ஒருவர்தான். தாய் இல்லாத அவரைத் தன் பன்னிரண்டு வயதில் இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். இதைப் பரந்தாமனே நூறு முறை சொல்லியிருக்கிறார்.

அண்ணா கிணற்றடியில் இருந்தான். ராஜகோபால் என்று பெயர். டிரில் வாத்தியார். திருத்தணிக் குழுவுக்குத் தலைவன். சுற்றுப்பட்டு எட்டு ஊர்க் குழுக்கள் ஆடும் லீக் அது. நெசவாளி, கம்பவுண்டர், பூக்கடைக்காரர் என்று வேலைக்குப் போகிறவர்கள் வார இறுதியில் ஆடுவது. அண்ணாவின் குழு ஐந்து வருஷமாகக் கடைசி ஆட்டத்தில் அரக்கோணம் ரயில்வேக்காரர்களிடம் தோற்றுவந்தது.

நான் சொன்னதும் அவன் முகத்தைத் துடைக்காமல் அப்படியே நின்றான். தண்ணீர் தாடையிலிருந்து சொட்டியது.

“அவன் இல்லன்னா பின்வரிசையில யாரு நிப்பா?” என்றான். பிறகு தன் பேச்சே தனக்குக் கேட்டவனைப் போல, “பாவம், அந்தம்மா” என்றான்.

“பத்தேகால் பஸ், அண்ணா.”

“தெரியும். இரு.” அவன் துண்டை எடுத்துப் பிழிந்தான். அது ஏற்கெனவே காய்ந்திருந்தது. “நாயகி, தீட்டு எப்பலேர்ந்து கணக்கு? செத்த நேரத்துலேர்ந்தா? இல்ல. காதுல உழுந்த நேரத்துலேர்ந்துதான். ரங்கூன்ல செத்துப் போனவனுக்கு மூணு மாசம் கழிச்சுத் தெரிஞ்சா, தெரிஞ்ச அன்னிக்குத்தானே தலை முழுகறாங்க? காதுல உழாத வரைக்கும் அவனுக்கு அக்கா இருக்காங்க. பந்தைத் தொடலாம். விபூதி இட்டுக்கலாம். ஒரு தப்பும் இல்ல.”

“கோடி?”

“மூணு மணிக்கு ஆட்டம். நாலரைக்கு முடிஞ்சிடும். முடிஞ்ச உடனே நானே சொல்றேன். கம்பவுண்டர்கிட்ட சைக்கிள் வாங்கித் தரேன். போயிடுவான்.”

இருபது மைல். நாலரைக்குக் கிளம்பினால் ஏழரை. அக்டோபரில் ஆறு மணிக்கே விளக்கு வைத்துவிடுவார்கள். இந்தக் கணக்கு எனக்குத் தெரிந்தது. அவனுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

பரந்தாமன் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். நெற்றி நிறைய விபூதி. மஞ்சள் பந்தைத் துண்டில் சுற்றி, கைக்குழந்தையைப் போல ஏந்தியிருந்தார்.

“வாத்தியாரே, முருகன்கிட்ட பேசிட்டேன். அரையிறுதி ஜெயிச்சிடலாம்னுட்டாரு. கடைசி ஆட்டம் மட்டும் ரயில்வேக்காரன் கையில இருக்குதாம். அவருக்கும் ரயில்ல பாஸ் குடுத்துட்டானுங்க போல.”

அண்ணா சிரித்தான். எப்படிச் சிரித்தான் என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

“பியெஸ்ஸி, மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?” என்று பரந்தாமன் என்னைக் கேட்டார். பட்டம் வாங்கிவந்த நாளிலிருந்து அவருக்கு என் பெயர் அதுதான். “நாளைக்கு எங்கக்கா வருது. பந்தடிக்கிறவனுக்கு எவன்டா பொண்ணு குடுப்பான்னு திட்டிகினே இருக்குது இல்ல, ஒரு தபா பாத்துட்டுத் திட்டுன்னேன். வரேன்னிச்சு. உன் பக்கத்துல குந்த வெச்சிக்கோ. எத்தினி பாயிண்ட்டுன்னு சொல்லு. அதுக்கு எண்ணத் தெரியாது.”

கல்லூரியில் ஒலியைப் பற்றிப் படித்திருக்கிறேன். காற்றில் அது ஒரு வினாடிக்கு ஆயிரத்து நூறு அடி போகும். எனக்கும் அவருக்கும் நடுவே இருபது அடிகூட இல்லை.

தெருமுனையில் பத்தேகால் பஸ் இரைந்தது. பெட்ரோல் கிடைக்காத யுத்த காலத்துக் கரி பஸ். ஹாரன் இரண்டு முறை கேட்டது. பரந்தாமன் மட்டையின் நரம்பை விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பஸ் போய்விட்டது.

அரையிறுதி கனகம்மாசத்திரத்துக்காரர்களோடு. ஆட்டக் கணக்கு எழுதுவது என் வேலை. பள்ளிக்கூட வராந்தாவில் மேஜை போட்டுக் கொடுத்திருந்தார்கள். யாரோடும் பேச வேண்டியதில்லை என்பதால் அந்த வேலையை ஒப்புக்கொண்டிருந்தேன். பரந்தாமன் பின்வரிசையில் எல்லாப் பந்தையும் எடுத்தார். இரண்டே ஆட்டத்தில் முடிந்தது. மணி நாலு பத்து.

அண்ணா மேஜைக்கு வந்து குனிந்தான். கணக்கைப் பார்க்கிறவன் போல விரலை வைத்துக்கொண்டு, “இனிமே சொல்லி என்ன?” என்றான். “இந்நேரம் எடுத்திருப்பாங்க. இன்னிக்குச் சொன்னாலும் நாளைக்குச் சொன்னாலும் ஒண்ணுதான். நாளைக்கு ஆட்டம் முடிஞ்சதும்.”

“இன்னும் எடுத்திருக்க மாட்டாங்க அண்ணா.”

“நீ சும்மா இரு.”

நான் சும்மா இருந்தேன். அண்ணாவுக்குப் பயந்து மட்டும் என்று சொல்ல முடியாது. நாளைக்கு அவர் ஆட வேண்டும் என்று எனக்கும் இருந்தது. அவர் ஜெயித்துப் பார்க்க வேண்டும் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மைதானம் நிறைந்துவிட்டது. ரயிலில் நாலு பெட்டி ஆட்கள் அரக்கோணத்திலிருந்து வந்திருந்தார்கள். அவர்கள் குழுவில், எஞ்சினுக்குக் கரி தள்ளும் ஃபயர்மேன் ஒருவன் இருந்தான். நல்ல உயரம்.

“இன்னாபா, தறியில பாவு போடறவங்கல்லாம் பந்து போட வந்துட்டீங்க?” என்று அவன் வலைக்கு அப்பாலிருந்து கேட்டான்.

“கரி அள்ளிப் போடறவனே வரும்போது நாங்க வரக் கூடாதா நைனா?” என்றார் பரந்தாமன். இரண்டு பக்கமும் சிரித்தார்கள்.

என் பக்கத்தில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. அதைப் பரந்தாமனே தூக்கிவந்து போட்டிருந்தார். முதல் ஆட்டம் எங்களுக்கு, இருபத்தொன்பதுக்கு இருபத்திரண்டு. இரண்டாவது அவர்களுக்கு. நடுவில் தண்ணீர் குடிக்க வந்தவர் நாற்காலியைப் பார்த்தார்.

“பஸ்ஸு வந்திச்சா?”

வந்தது என்று தலையை ஆட்டினேன்.

“வரலியா அது? மாமியாருக்கு எதுனா வேலை வந்திருக்கும். உடாது அந்தக் கெழவி.” வாயைக் கொப்பளித்துத் துப்பிவிட்டு உள்ளே போனார்.

மூன்றாவது ஆட்டத்தில் இருபத்தாறுக்கு இருபத்தாறு. எண்களைத் தவிர வேறெதையும் பார்க்காமல் எழுதினேன். இருபத்தேழு, இருபத்தேழு. காற்று மலைப்பக்கமிருந்து அடித்தது. ஃபயர்மேன் ஓங்கி அடித்த பந்து எல்லைக்கு வெளியே போகும் என்று எல்லோரும் விட்டுவிட்டார்கள். பரந்தாமன் மட்டும் ஓடினார். மண்ணில் விழுந்து, விழுந்தபடியே அதைத் திருப்பி அனுப்பினார். அவர்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. இருபத்தெட்டு. அடுத்த பந்து வலையில் பட்டு அவர்கள் பக்கமே விழுந்தது. இருபத்தொன்பது.

அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். உயரத்தில் இருந்தபடி அவர் பஸ் நிற்கும் பக்கம் பார்த்தார்.

வெள்ளிக் கோப்பையோடு வீட்டுக்கு வந்தபோது மணி ஆறு. முற்றத்தில் எல்லோரும் இருந்தார்கள். அண்ணா பரந்தாமனின் தோளில் கை வைத்தான்.

“பரந்தாமா, இப்பதான் பள்ளிப்பட்டுலேர்ந்து ஆள் வந்துட்டுப் போனான். உங்கக்கா தவறிட்டாங்க.”

இப்பதான். அந்தச் சொல்லை அவன் முன்கூட்டி யோசித்து வைத்திருந்தான் என்று நான் நினைக்கவில்லை. வாயில் வந்தது, சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அதை எடுக்க முடியவில்லை.

பரந்தாமன் அழவில்லை. உள்ளே போனார். கத்தரிக்கோல் சத்தம் கேட்டது. தறியில் முடிந்திருந்த அரக்குப் புடவையை அறுத்து மடித்துக்கொண்டு வந்தார். காலில் மைதானத்து மண் அப்படியே இருந்தது.

“எடுக்காம வெச்சிருப்பாங்க” என்றார். “நான் போகாம எடுக்க மாட்டாங்க.”

கம்பவுண்டரின் சைக்கிளில் போனார்.

புதன்கிழமை திரும்பி வந்தார். மொட்டையடித்திருந்தார். புடவையும் கூடவே வந்திருந்தது. அதைத் தறியின் மேல் போட்டுவிட்டு, கிணற்றடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோய் வைத்தேன். அவர் என்னைப் பார்த்துப் பேசவில்லை, ஆனால் பேசினார்.

“சனிக்கெழம வெளக்கு வெச்சும் அரை மணி நேரம் வெச்சிருந்தாங்களாம். பொறந்த ஊட்டுல நாதியில்லையான்னு பொம்பளைங்க கேட்டாங்களாம். அப்புறம் கண்ட்ரோல் கடையில கார்டு காட்டி ஒரு துணி வாங்கியாந்து போத்தினாங்களாம். கஞ்சி போட்ட துணி. கொசுவலை மாதிரி இருந்திச்சாம்.” மொட்டைத் தலையைத் தடவினார். “நெசவுக்காரன் அக்கா. கண்ட்ரோல் துணியில போயிடிச்சு.”

மோரை அவர் குடிக்கவில்லை.

“சனிக்கெழம விடியறதுக்குள்ளயே ஆள் அனுப்பிட்டோம்ன்றாங்க. அரக்கோணத்துக்குக் காலையிலயே சேதி போயிருக்குது. அங்கேருந்து ஆளுங்க நேரத்துக்கு வந்துட்டாங்க. என் வாசலைத் தாண்டித்தானே அவன் போயிருக்கான்? வர வழியில எங்கியோ கள்ளுக்கடையில குந்திட்டு, மறுநாள் சாவகாசமா வந்து சொல்லியிருக்கான்.”

“அப்படியா சொல்றாங்க?” என்றேன்.

“நான்தான் சொன்னேன், பஞ்சாயத்துல. இனிமே அவன் ஊருக்குச் சேதி கொண்டு போக வாணாம்னு முடிவு பண்ணிட்டாங்க. அவன் பங்கு நெல்லையும் நிறுத்திட்டாங்க.”

மறுநாள் வியாழக்கிழமை. காலையில் வாசலில் குரல் கேட்டது. நான் போவதற்குள் பரந்தாமன் பின்கட்டிலிருந்து ஓடிவந்துவிட்டார். துளசிங்கம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். சைக்கிள் இல்லை. நடந்து வந்திருக்க வேண்டும்.

“யோவ், எந்த மூஞ்சிய வெச்சிகினு இங்க வந்த?”

“நைனா, நான் சனிக்கெழம காலையிலயே வந்தேன். இந்த ஊட்டு வாசல்லதான் நின்னேன். தண்ணிகூடக் குடிக்கல.”

“யாருகிட்ட சொன்ன?”

“ஒரு அம்மாகிட்ட சொன்னேன். கையில கடியாரம் வெச்சிகினு நின்னாங்க.”

அண்ணா சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே வெளியே வந்தான். “என்னய்யா உளர்றே? சனிக்கெழம இங்க யாரும் வரல. ஞாயித்துக்கெழம சாயந்தரம் என்கிட்டதானே சொன்னே?”

துளசிங்கம் அவனைப் பார்த்தார். “உங்கள நான் பாத்ததே இல்லீங்களே சாமி.”

“பாத்தியா பரந்தாமா, இப்பவும் புளுகறான்.”

பரந்தாமன் துளசிங்கத்தின் சட்டையைப் பிடித்தார். அவர் விடுவித்துக்கொள்ள முயலவில்லை. சட்டை தோளில் கிழிந்தது. “ரெண்டு பொட்டைப் பசங்க இருக்குது நைனா” என்றார். “குடிச்சிட்டுச் சாவுச் சேதியை மறந்தவன்னு பேரு வந்திட்டா, வேற எந்த ஊர்லயும் கூப்பிட மாட்டாங்க. அதுக்குத்தான் வந்தேன். வேற ஒண்ணும் வாணாம்.”

நான் நிலைப்படிக்குப் பின்னால் நின்றிருந்தேன். அண்ணா என்னைப் பார்த்தான்.

“நீ உள்ள போ, நாயகி.”

துளசிங்கமும் பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் இந்த அம்மாதான் என்று கை நீட்டவில்லை. சும்மா பார்த்தார்.

நான் படி இறங்கினேன். தெருவில் ஆட்கள் கூடியிருந்தார்கள். அவ்வளவு பேர் முன்னால் நான் பேசியதே இல்லை. பரந்தாமனின் முகத்துக்கு நேராகப் போய் நின்றேன்.

“அவரை விடுங்க” என்றேன். “அவர் சனிக்கெழம காலையிலதான் வந்தார். பத்தேகால் பஸ்ஸுக்கு நேரம் இருந்திச்சு. எங்கிட்டதான் சொன்னார். உங்கக்கா உங்களுக்காகக் காத்துக்கினு இருக்காங்கன்னு சொன்னார். நான்தான் உங்ககிட்ட சொல்லல.”