வசவுக்குப் பூத்த காகிதப்பூ

திரைச்சீலைக் கடைக்காரர் வீட்டுக் கூடத்தில் இருந்த காகிதப்பூச் செடி, வசவு ஒன்றுக்கு மூன்று கொத்து வீதம் பூத்தது. வைகிறவர் உதட்டையும் பிதுக்கினால் நாலு. இதில் ஒளிவுமறைவு ஏதும் கிடையாது. அந்தக் கட்டடத்தின் மூன்று மாடிக்காரர்களும் வந்து எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்.

வேலியில் கிடக்க வேண்டிய செடியை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் அவர் மனைவி. அவர்கள் வீட்டில் பால்கனி இல்லை, தெற்கே ஒரு ஜன்னல் மட்டும் நன்றாக வெயில் வாங்கும். தொட்டி சின்னதாக இருக்கட்டும், மண் வெடித்த பிறகு தண்ணீர் ஊற்றினால் போதும் என்று நாற்றுப்பண்ணைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார். "செல்லம் குடுத்தா இலையா விட்டுத் தள்ளும்மா. கொஞ்சம் வாடவிடுங்க, தானா பூக்கும்" என்றார். அவளுக்கு மனசு கேட்கவில்லை. வாடுவது என்றால் என்ன என்று தெரிந்தவள் இன்னொன்றை வாட விடுவாளா? வேளைக்குத் தண்ணீர் ஊற்றினாள், வெயில் நகர நகரத் தொட்டியைத் திருப்பி வைத்தாள், கண்ணே ராசாத்தி என்று கொஞ்சினாள். செடி இரண்டு வருஷம் உள்ளங்கை அகலத்துக்கு இலை விட்டது. பூ என்று பேருக்கு ஒன்று இல்லை.

கடைக்காரர் பேரத்தில் பிறந்து பேரத்தில் வளர்ந்தவர். வேண்டிய சரக்கைக் குறை சொல்லு, வேண்டாததைப் புகழ்ந்துவிட்டுப் படியிறங்கு என்பது அவருக்குப் பால்குடி மறந்தபோதே ஊட்டிய பாடம். தங்கப் பாளத்தை நீட்டினாலும் மஞ்சள் கொஞ்சம் தூக்கல் என்பார். பெண் கேட்கப் போன அன்று, "உயரம் கம்மி, கண்ணும் ஒரு தினுசா இருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். கூடப் போயிருந்த வியாபாரிகளுக்கு, காரியம் முடிந்தது, மனுஷன் விழுந்துவிட்டான் என்று அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. ஆனால் பெண்ணோ பள்ளிக்கூட வாத்தியார் மகள். அந்த வீட்டில் நல்லதை நல்லது என்றுதான் சொல்லுவார்கள். கதவுக்குப் பின்னால் நின்று கேட்ட அந்த வார்த்தையை இருபத்திரண்டு வருஷமாக அவள் இறக்கி வைக்கவில்லை. அதற்கு ஈடாக ஒரே ஒரு நல்ல வார்த்தைக்குக் காத்திருந்தாள்.

ஒருநாள் காலை செருப்பைத் தேடிக் குனிந்தபோது முள் கையைக் கீறியதில், கடைக்காரர் முதன்முதலாக அந்தச் செடியைப் பார்த்தார். "இதெல்லாம் ஒரு செடியா? முள்ளு விக்கவா வாங்கின?" என்றார். இரண்டாவது செருப்பு அகப்படுவதற்குள் மூன்று கொத்து விரிந்துவிட்டது. சாயம் போன துணி மாதிரி ஒரு கலரு என்றார், இன்னும் மூன்று. அதன்பிறகு தினமும் ஒருமுறை வைதுவிட்டுத்தான் கடை திறக்கப் போனார். மாடிக்காரர்கள் தங்கள் பங்குக்கு வந்து வைதார்கள். புத்தகங்களுக்கு மதிப்புரை எழுதுகிற ஒருவர் வந்து அரைமணி நேரம் நின்றதில் விட்டம் முழுக்கப் பூத்து மின்விசிறி நின்றுபோனது. தாவரவியல் பேராசிரியர் ஒருவர், வசவின்போது வாயிலிருந்து வருகிற உலர்ந்த காற்றுதான் காரணம் என்று எழுதிக் கொடுத்தார். கூடவே, கலராகத் தெரிகிறது பூவே அல்ல, பூவைச் சுற்றிய இலை, நிஜப் பூ நடுவில் இருக்கும் வெள்ளைப் பொடிசுதான் என்றும் சொன்னார். மேலுறைதான் விலை போகிறது என்று கேட்ட கடைக்காரருக்கு ஏகப்பட்ட திருப்தி. அவர் மனைவி மட்டும் கொத்துக் கொத்தாகப் பிரித்துப் பார்த்தாள். ஒன்றிலும் வெள்ளைப் பூ வாய் திறந்திருக்கவில்லை.

பதினொரு மாதத்தில் செடி சோபாவைத் தாண்டி அலமாரியைப் பிடித்துச் சமையலறை வாசலை எட்டியது. நல்ல வார்த்தை கேட்டால் அது பின்வாங்கும் என்று கண்டுகொண்டவள் அவள்தான். தினமும் நாலு வார்த்தை கொஞ்சி, போகவர ஆள் அகலத்துக்கு வழி வைத்திருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை அவர் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "டீயா இது, துணி அலசின தண்ணியா?" என்று கேட்டார். வசவு யாருக்கு என்று பிரித்துப் பார்க்கிற பழக்கம் செடிக்கு இல்லை. தனக்கென்று எடுத்துக்கொண்டு பூத்தது. அன்று அவள் கொஞ்சவில்லை. வாசல் அடைத்துக்கொண்டது, அவள் உள்ளே, அவர் வெளியே.

கிளை வெட்டும் கத்தரி வாங்க அவரை மூன்றுமுறை கடைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். மூன்றுமுறையும் இது எங்கே வெட்டப்போகிறது என்று குறை சொல்லி, விலை படியாமல் வைத்துவிட்டு வந்தவர் அவர். இப்போது கையால் விலக்கப் பார்த்து முழங்கை வரை கீறிக்கொண்டார்.

"என்கிட்ட கத்தி இருக்குங்க. ஆனா வெட்டமாட்டேன்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "ஒரு நல்ல வார்த்தை சொல்லுங்க, அதுவே வழி விடும்."

பேரம் என்றதும் அவருக்குத் தெம்பு வந்தது. அடியிலிருந்து ஆரம்பித்தார். பரவாயில்லை என்றார். ஒரு சருகு விழுந்தது. அருமையான செடி, தேடினாலும் கிடைக்காது என்று கடைக் குரலில் அளந்து பார்த்தார். நாற்றுப்பண்ணையில் கேட்காத புளுகா? செடி அசையவில்லை. மோசம்னு சொல்ல முடியாது என்றார். விரற்கடை நகர்ந்தது.

"இன்னும் ஏறி வாங்க" என்றாள் அவள். உள்ளே ஏதோ தாளிக்கிற வாசனை. அவருக்கு வயிறு கிள்ளியது.

கடைசி அஸ்திரமாக, எனக்கு வேண்டாம் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். ஒரு மாடி இறங்கும்வரை கூப்பிடுவாள் என்று காது கொடுத்துக்கொண்டே போனார். எந்த வியாபாரியும் கூப்பிட்டுவிடுவான். அவள் கூப்பிடவில்லை. யாரும் கூப்பிடாமல் தானாகத் திரும்பி வந்தது அவர் ஆயுளில் அதுதான் முதல்தடவை. கூடத்துத் தரையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"அன்னிக்கு உயரம் கம்மின்னு சொன்னேன் பாரு" என்றார். "பார்த்ததுமே பிடிச்சுப்போச்சு. எங்க கைவிட்டுப் போயிடுவியோன்னு பயம். அதான் அப்படிச் சொன்னேன்."

உள்ளே கரண்டிச் சத்தம் நின்றது. செடியில் இருந்த வெள்ளைப் பூக்கள் அத்தனையும் வாய் திறந்தன. கலர் இலைகள் அத்தனையும் உதிர, கிளைகள் பின்வாங்கி வாசலை விட்டன. முழங்கால் உயரக் குவியலைக் காலால் தள்ளிக்கொண்டு அவள் ஒரு டம்ளர் டீயோடு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது. இதைச் சொல்ல இருபத்திரண்டு வருஷமா என்று கேட்டாள். டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தவர், பழக்கதோஷம், "சர்க்கரை கம்மி" என்றார்.

மூன்று கொத்து பூத்தது. அவள் நிதானமாக எண்ணிப் பார்த்தாள்.

"அவ்வளவு பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டு, சர்க்கரை டப்பாவை எடுக்கப் போனாள்.

அதிலிருந்து அந்த வீட்டில் வாரத்துக்கு ஆறு நாள் வசவு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நல்ல வார்த்தை. செடி ஜன்னல் உயரத்தைத் தாண்டுவதில்லை. கத்தரி வாங்குகிற பேச்சு பிறகு எழவில்லை.