கடைசி இரண்டு கட்டைகள்

பியானோவின் இடது கோடியில் இருந்த கடைசி இரண்டு கட்டைகளின்மேல் அன்று காலையும் மணல் கிடந்தது. பியானோக்காரம்மா ஈரத்துணியால் அதை ஒற்றி எடுத்தாள். துடைக்கக் கூடாது, ஒற்றத்தான் வேண்டும். துடைத்தால் கட்டை அமுங்கிவிடும். அமுங்கினால் என்ன ஆகும் என்பது அவளுக்கும் தெரியும், தலைக்குமேலே அந்தரத்தில் நின்றுகொண்டிருந்த அவள் புருஷனுக்கும் தெரியும்.

"இன்னிக்கும் கொட்டிடுச்சா?" என்றார் மேலிருந்து.

"கொட்டாம? மூட்டையை நல்லா பொத்திப் பிடிங்கன்னு எத்தனை தடவை சொல்றது?"

"பொத்திக்கிட்டுத்தான்டி நிக்கிறேன். ஓட்டை எங்கேன்னு குனிஞ்சு பாக்க முடியுமா, நீயே சொல்லு."

முடியாது. கீழே பார்த்தால் போச்சு.

நம்பாதவர்களை நான் வற்புறுத்தப் போவதில்லை. ஆனால் இருவரும் என்ன வேலை பார்த்தார்கள் என்று தெரிந்தால் இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. கார்ட்டூன் படம் எடுக்கும் கம்பெனி அது. அவள் பியானோ, அவர் தடால். தடால் என்பது அங்கே ஓர் உத்தியோகம். படத்தில் யார் எங்கிருந்து விழுந்தாலும் மைக்குக்கு முன்னால் மணல் மூட்டையைப் போட வேண்டியது அவர் பொறுப்பு. இசைக்குக் கம்பெனி ரொம்ப மெனக்கெடவில்லை. எந்தக் காலத்திலோ செத்துப்போன மேதைகள் காதல் தோல்வியிலும் காசநோயிலும் எழுதி வைத்த பியானோ இசை ஏராளமாக இருந்தது. பெரிய மண்டபங்களில் சீமாட்டிகள் கண்ணீர் விட்டுக் கேட்ட இசை. அதை வாசித்தால் பூனை எலியைத் துரத்தும். மேதைகள் யாரும் ஆட்சேபிக்கவில்லை, செத்தவர்களுக்குக் கோர்ட்டுக்கு வந்துபோக வசதிப்படாது.

முதலில் அவள் வாசிப்பதைப் பதிவு செய்வார்கள். வரைகிறவர்கள் அதைக் கேட்டுக் கேட்டு, ஒரு தட்டுக்கு ஓர் அடி என்று பூனையை ஓட விடுவார்கள். பூனை மலை விளிம்பைத் தாண்டியும் ஓடும். அங்கே பியானோ நிற்கும். பூனையும் நிற்கும், காலுக்குக் கீழே ஒன்றுமே இல்லாமல். அப்புறம்தான் அவள் கடைசி இரண்டு கட்டைகளையும் சேர்த்து அடிப்பாள். பூனை கீழே பார்க்கும், விழும், மூட்டை தடால் என்னும். எத்தனை படம் எடுத்தாலும் இந்த வரிசை மாறாது.

ஒரு தடவை அந்த நிறுத்தத்தில் அவளுக்குத் தும்மல் வருவதுபோல் இருந்தது. கையைத் தூக்கியபடி, மூக்கைச் சுளித்தபடி காத்திருந்தாள். வரவில்லை. பதிவு அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. யாரும் அதை வெட்டவும் இல்லை. வரைகிறவர்கள் கேள்வி கேட்காத ஜாதி. அத்தனை மௌனத்துக்கும் படம் வரைந்து தள்ளிவிட்டார்கள். பூனை அந்தரத்தில் நின்று நகம் வெட்டிக்கொண்டது, பேப்பர் படித்தது, கம்பளிச் சட்டை ஒன்றைப் பின்ன ஆரம்பித்து, கை சரியாக வராமல் பிரித்துப் போட்டு மறுபடியும் பின்னியது. படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. தும்மல் மட்டும் இன்னும் பாக்கி இருக்கிறது.

கம்பெனி மூடி, இருவரும் வீட்டோடு இருந்த காலத்தில் ஒரு மத்தியானம், வந்திருந்த மகளுக்குப் பழைய தடாலைப் போட்டுக் காட்டுகிறேன் என்று அவர் ஏணி போட்டுப் பரணில் ஏறினார். கீழே இவள் அதே துரத்தல் இசையை வாசித்துக்கொண்டிருந்தாள். விளிம்பு வந்தது. கையைத் தூக்கினாள். மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பியவர் இல்லாத படியில் காலை வைத்தார்.

நின்றார். அவளும் தூக்கிய கையை மடியில் வைத்துக்கொண்டாள். வேறு யாராக இருந்தாலும் பதறிப்போய்க் கட்டைமேல் கையை ஊன்றியிருப்பார்கள்.

மகளும் டாக்டரும் அக்கம்பக்கமும் இதை வேறு மாதிரி சொல்கிறார்கள். அவர் விழுந்தார், தலையில் அடி, ஆம்புலன்ஸ் வந்தது, பிறகு ஊரே வந்தது என்கிறார்கள். பெரிய மனிதர்கள், பொய் சொல்ல மாட்டார்கள். ஆனால் பியானோ அடிக்காமல் எப்படி விழ முடியும் என்று கேட்டால் ஒருவரும் பதில் சொல்வதில்லை. அவளை ஒரு மாதிரி பார்க்கிறார்கள்.

அன்று பத்து மணிக்கு மகள் வந்தாள். பல் டாக்டர். அம்மாவைத் தன் வீட்டுக்கு அழைத்துப் போகிறாள். அங்கே பியானோவுக்கு இடமில்லை. மத்தியானம் ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆட்கள் வந்து எடுத்துப் போவார்கள். பேச்சு முடிந்துபோன விஷயம்.

"பல்லைப் பிடுங்குறவ, கட்டையையும் பிடுங்க வந்துட்டா" என்றார் மேலே இருந்தவர்.

"சும்மா இருங்க" என்றாள் இவள்.

"யாரைம்மா சொல்றே?"

"உன்னை இல்ல."

மகள் துணிகளை மடிக்க உள்ளே போனாள். பியானோக்காரம்மா குரலைத் தாழ்த்தினாள். "பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சும்மா இருக்குமா? முதல் நாளே அந்தக் கோடியிலதான் குத்தும்."

"குத்தட்டுமே. எனக்கும் கால் கடுக்குது."

"விழுந்துருவீங்க."

"விழுந்தா என்ன? தட்டையாகிப் போய், உதறிக்கிட்டு எந்திரிக்க மாட்டேனா? நம்ம படத்துல எந்தப் பூனையாவது எந்திரிக்காம இருந்திருக்கா?"

"அதெல்லாம் வரையறவங்க எந்திரிக்க வச்சாங்க. உங்களை யாரு வரையப் போறா?"

மேலே மூட்டையை மாற்றிப் பிடிக்கிற சத்தம் கேட்டது.

மகள் கையில் ஒரு போர்வையோடு திரும்பி வந்தாள். போர்வையை நாற்காலிமேல் போட்டுவிட்டு, பியானோ பெஞ்சியில் உட்கார்ந்தாள்.

"வேண்டாம்டி" என்றாள் அம்மா.

"ஒரே ஒரு தடவைம்மா. போறதுக்குள்ள." விரல்களை நீவிக்கொண்டே, திரும்பாமலே சொன்னாள். "அன்னிக்கு நான் அடுப்படியில இருந்தேன். சத்தம் கேட்டுச்சு. அப்பா மூட்டையைப் போட்டுக் காட்டுறாருன்னு நெனச்சு… நல்லாச் சிரிச்சேன்மா. அங்கிருந்தே கை தட்டினேன்."

அம்மா கிட்டே வந்தாள். "நிஜமாவே கேட்டியா? சத்தம்?"

"தினமும் கேக்குதும்மா. வாயைத் திறங்கன்னு யாரையாவது சொல்லும்போதுகூட."



மகள் வாசிக்க ஆரம்பித்தாள். பழக்கம் விட்டுப்போன கை. முதலில் தடுமாறியது, பிறகு பூனை அதைப் பிடித்துக்கொண்டது. எலி ஓடியது. நாற்காலி, மேசை, பூந்தொட்டி எல்லாவற்றையும் தாண்டி ஓடியது. பியானோமேல் இருந்த கண்ணாடிக் கிண்ணம் கிணுகிணுத்தது. காசநோயில் செத்த மேதை எந்தத் துக்கத்தில் எழுதினாரோ, அது அறை முழுக்க நாலு காலில் பாய்ந்தது. வேகம், இன்னும் வேகம், மலை, விளிம்பு.

மகளின் இரண்டு கைகளும் மேலே எழுந்து நின்றன. அந்த வீட்டில் வளர்ந்தவள். எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அவள் மணிக்கட்டின்மேல் ஒரு பொடி மணல் விழுந்தது.

அவள் அதைப் பார்த்தாள். இன்னொன்று விழுந்தது. பிறகு மெல்லிய கோடாக, விடாமல் கொட்டியது. கையை அவள் இறக்கவில்லை. தலையை மட்டும் மெதுவாக, மிக மெதுவாக உயர்த்தினாள்.

அம்மா மேலே பார்க்கவில்லை. மகளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜன்னல் வெயிலில் மணல்தூசி மினுமினுத்துக்கொண்டு அம்மாவை நோக்கி மிதந்து வந்தது. அவள் மூக்கு சுளித்தது. இத்தனை காலம் பாக்கி இருந்த தும்மல் இப்போதுதானா வர வேண்டும்? தும்மினால் மகளின் கை திடுக்கிட்டுக் கட்டையில் விழும். இரண்டு கையாலும் மூக்கை இறுகப் பொத்திக்கொண்டு, மூச்சை அடக்கி, அவள் நின்றாள்.