சிங்கம் பார்த்த வீடு

அடி அண்ணாமலைக் காளியம்மன் கோயிலுக்கு ஒரு பக்கம் ஆதிமூலத்தின் வீடு, மறுபக்கம் அவருடைய பங்காளி கோதண்டராமனின் வீடு. கோயில் சுவரில் அம்மனைப் புதிதாக வரையும்போது, அவள் ஏறியிருக்கும் சிங்கம் எந்த வீட்டைப் பார்க்கிறதோ, அடுத்த முறை வரைகிறவரைக்கும் அந்த வீட்டுக்குத்தான் முதல் மரியாதை. அம்மனுக்குக் கண் எழுதித் திறக்கும்வரை, வரைகிறவரைத் தவிர யாரும் சுவரை மறைத்துக் கட்டிய படுதாவுக்குள் எட்டிப் பார்க்கக்கூடாது.

இந்த முறை அந்த மரியாதை ஆதிமூலத்துக்கு வந்தே ஆகவேண்டும். மகள் வேதாவுக்குக் கீழ்பென்னாத்தூரில் சம்பந்தம் முடிவாகியிருக்கிறது. ஆடித் திருவிழாவுக்கு வரும் சம்பந்தி கண்ணெதிரே கோதண்டராமன் தலையில் பரிவட்டம் கட்டினால், இவர் முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வார்? வரப்புத் தகராறில் இருவருக்கும் பேச்சே நின்றுபோய் வெகுகாலம்.

அந்தக் கோதண்டராமன்தான் படுதா ஓரம் நின்று, வரைகிற பெண் மதிவதனியிடம் குசுகுசுவென்று ஏதோ சொல்லிவிட்டுப் போனான். ஆதிமூலம் கண்ணால் பார்த்தார். போதாதா? அன்று அவன் வீட்டிலிருந்து அவளுக்கு டீ போயிற்று, மறுநாள் இட்லி. இட்லியைக் கண்டதும் இவருக்கு வயிறு எரிந்தது.

கண் திறப்புக்கு முந்தின நாள் படுதா ஓரம் இவரும் போய் நின்றார்.

"ஏம்மா, அவன் சிங்கத்தப் பத்திதானே பேசினான்?"

"ஆமாங்க," என்றாள் மதிவதனி உள்ளிருந்து.

"அது எந்தப் பக்கம் பாக்குதுன்னு எனக்குச் சொல்ல வேணாம். தலைய மட்டும் எதிர்ப்பக்கம் திருப்பிடு."

"நெஜமாவா? அவரு என்ன சொன்னாருன்னா..."

"அவன் பேச்ச எடுக்காத. திருப்புன்னா திருப்பு."

மறுநாள் காலை அம்மனுக்குக் கண் எழுதிப் படுதாவை விலக்கினார்கள். காளி நேராகப் பார்த்தாள். சிங்கமோ நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு கோதண்டராமன் வீட்டைப் பார்த்தது.

"திருப்பச் சொன்னேனேம்மா!" ஆதிமூலம் மதிவதனியிடம் அடிக்குரலில் சீறினார்.

"திருப்பிட்டேங்க," என்றாள் அவள் தணிந்த குரலில். "ஒங்க வீட்டத்தான் பாத்துக்கினு இருந்துச்சு. அவருதான், வேதாவுக்குக் கல்யாணம் வருது, அண்ணன் வீட்டுப் பக்கமே வச்சிடும்மான்னு சொல்லிட்டுப் போனாரு."

ஆதிமூலத்துக்குத் தன் புத்தியைச் செருப்பால் அடிக்கவேண்டும் போலிருந்தது. அதற்குள் கோதண்டராமன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்துவிட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"நேத்து நீ இங்க வந்து பேசினத நானும் பாத்தேண்ணா. எங்க பக்கம் திருப்பச் சொல்லத்தான் வந்தியா?"

மதிவதனி பிரஷ்களை அள்ளிக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டாள்.

"ஆமாண்டா," என்றார் ஆதிமூலம். அப்போதுதான் திறந்த அம்மன் கண்களை அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.