பெயர் எழுதாத ஜெபக் குறிப்பு

சனிக்கிழமை தோறும் ஆரப்பாளையத்தில் ஒரு சபையின் மாடியறையில் தாமரைச்செல்வி ஆலோசனைக்கு உட்காருவாள். டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் தபாலில் குடும்ப ஆலோசனை படித்து முடித்து, ஆறு வருடமாக இந்த ஊழியம். வருகிறவர்களில் பாதிப் பேர் மாமியாரைத் திருத்தித் தரச் சொல்வார்கள், மீதிப் பேர் மருமகளை. தன்னைத் திருத்தச் சொல்லி ஒருவரும் அந்த மாடிப்படி ஏறியதில்லை.

பாண்டிராஜ்தான் அப்படி வந்த முதல் ஆள். மேலூர்க்காரர், கல் லாரி ஓட்டுகிறவர். ஒரே மகள் பவதாரிணி பிறந்ததிலிருந்து படுக்கையில் கிடந்தவள். கழுத்து நிற்காது, பேச்சு வராது. பதினோரு வயதில், போன தை மாதம், நெஞ்சுச் சளி முற்றி இறந்துபோனாள். அதிலிருந்து அவரும் மனைவி சுபலட்சுமியும் சோற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டும் பேசிக்கொண்டு ஒரே வீட்டில் கிடந்தார்கள். முதல் மூன்று சனிக்கிழமை அவர் வாயே திறக்கவில்லை. வருவார், தண்ணீர் குடிப்பார், போய்விடுவார். நான்காவது வாரம் சொன்னார்.

"அவளக் கல்லறையில வச்சிட்டு வந்த அன்னைக்கு நல்லாத் தூங்குனேன் சிஸ்டர். பதினோரு வருசத்துல அப்படித் தூங்குனதில்ல. முழிச்சப்ப ஒடம்பு லேசா இருந்துச்சு. பெத்த தகப்பன் நான்."

தாமரைச்செல்வி நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். அது பாவமில்லை என்றாள். மணிக்கொரு தரம் எழுந்து பிள்ளைக்குச் சளி எடுத்த உடம்பு, ஓய்ந்துபோய்த் தூங்கியிருக்கிறது, ஆண்டவருக்கு அது தெரியும் என்றாள். அவர் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். பிறகு, இதை மனைவியிடம் சொல்லலாமா என்று கேட்டார். சொல்லாமல் இனி அந்த வீட்டில் இருக்க முடியாது. சொன்னால் அவள் தன்னை என்னவென்று நினைப்பாளோ என்ற பயம். அடுத்த சனிக்கிழமை அவளையும் கூட்டி வாருங்கள், இங்கே வைத்துச் சொல்லுங்கள், நான் கூட இருக்கிறேன் என்றாள். சரியென்று போனார். படியிறங்கும்போது அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

அத்தோடு அவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்குச் சும்மா இருப்பதுதானே பெரிய பாடு. இத்தனை பெரிய காரியத்தை ஜெபமில்லாமல் எப்படி விடுவது என்று, வியாழக்கிழமைப் பெண்கள் உபவாச ஜெபத்துக்கு ஒரு குறிப்பு எழுதிக் கொடுத்தாள்: ‘மகளை அடக்கம் செய்த அன்று நிம்மதியாகத் தூங்கிய ஒரு தகப்பனுக்காக. சனிக்கிழமை மனைவியிடம் அறிக்கையிடப் பெலன் வேண்டும்.’

பெயர் எழுதவில்லை, ஊரும் எழுதவில்லை. அந்த ஜாக்கிரதையில் அவளுக்கு ஒரு திருப்திகூட இருந்தது. அந்த வருடம் சபையில் மகளை அடக்கம் செய்த தகப்பன் ஒரே ஒருவர்தான் என்பது மட்டும் மண்டையில் உறைக்கவில்லை. பாஸ்டரம்மா ‘பாரத்தோடு ஜெபிக்கவும்’ என்று சேர்த்து எல்லா ஊர் ஜெபக் குழுக்களுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டார். மேலூர் வீட்டு ஜெபத்தில் இருபது பெண்கள் நடுவே அதைச் சத்தமாக வாசித்தபோது சுபலட்சுமி அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. எல்லோரும் அழுதுதான் ஜெபித்தார்கள்.

சனிக்கிழமை சுபலட்சுமி மட்டும் வந்தாள். சண்டைக்கு வரவில்லை. நடந்ததை வேறு யாருக்கோ நடந்தது மாதிரி சொன்னாள். குறிப்பை வாசித்ததும் அத்தனை பேரும் அவளைத் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். அவள் எழுந்து நின்று, அந்த ஆள் வேண்டுமானால் தூங்கியிருப்பான், பெற்ற வயிறு எனக்கு இன்றுவரை கண் மூடவில்லை என்று சொல்லியிருக்கிறாள். பெண்கள் கட்டிப்பிடித்து, தலையில் கைவைத்து ஜெபித்திருக்கிறார்கள். அவள் சொன்னது அவளுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்துவிட்டது. அப்படியா சொன்னாய் என்று மட்டும் பாண்டிராஜ் கேட்டார். ஆமாம் என்றாள். இரண்டு சட்டையை எடுத்துக்கொண்டு லாரிக்குப் போனவர் திரும்பவில்லை.

தாமரைச்செல்வி அவள் கையைப் பிடித்துக்கொண்டு மன்னிப்புக் கேட்டாள். சுபலட்சுமி கையை உருவிக்கொள்ளவில்லை.

"நானும் தூங்குனேன்க்கா," என்றாள். "அவரு பக்கத்துலதான் படுத்திருந்தேன். அடிச்சுப் போட்ட மாதிரி தூங்குனேன். முழிச்சு அவரு மூஞ்சியப் பாக்கவே வெக்கமாப் போச்சு. அதான் பேசல."

தாமரைச்செல்வி பதறிப்போய், இதை அவரிடம் சொல், இப்போதே போன் போடு என்றாள்.

"இனிமே சொன்னா, பாவம் பாத்துச் சொல்றேன்னுதான் நெனப்பாரு. அம்புட்டுப் பேரு முன்னாடி அவரக் கொலகாரனாக்கிட்டு, அழுது ஆறுதல் வாங்குனவ நானு. எந்த வாயால சொல்லுவேன்?" எழுந்தவள் கதவருகே நின்றாள். "இதயாச்சும் ஜெபத்துக்குக் குடுத்துறாதீகக்கா. அவருகிட்டயும் சொல்லாதீக. நீங்க சொல்லி அவரு வர வேணாம்."

தாமரைச்செல்வி தலையாட்டினாள். வேறென்ன செய்வாள்?

மூன்றாம் நாள் பாண்டிராஜே போன் செய்தார். எங்கோ ஓசூர்ப் பக்கம் இருப்பதாகச் சொன்னார். லாரிச் சத்தத்தில் குரல் விட்டுவிட்டு வந்தது. அவர் குறிப்பைப் பற்றிக் கேட்கவே இல்லை. யார் எழுதியது என்று தெரிந்திருக்கும். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"அவ அங்க வந்தாளாமே சிஸ்டர். என்னையப் பத்தி ஏதும் சொன்னாளா?"

ஒரே ஒரு வார்த்தை. அவளும் தூங்கினாள் என்று சொன்னால் போதும், லாரியை அப்படியே திருப்பிக்கொண்டு வந்துவிடுவார். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நல்லது என்று நினைத்துத்தானே அன்றைக்கும் வாயைத் திறந்தோம் என்ற எண்ணம் கூடவே வந்தது.

"ஒண்ணும் சொல்லல பிரதர்."

சரி சிஸ்டர், என்று சொல்லி அவர் வைத்துவிட்டார். அவள் திரும்பக் கூப்பிட்டபோது போன் அணைந்திருந்தது. மறுநாளும் அணைந்தே இருந்தது.