விருந்தினருக்கு முப்பது விநாடி

சனிக்கிழமை ஐந்து மணி என்றால் ஐந்து மணிதான். பேச்சு மன்றத்தில் யாருக்காகவும் காத்திருக்கிற வழக்கம் கிடையாது. பல் ஆஸ்பத்திரிக்கு மேலே ஒரு மாடி அறை, இருபது பிளாஸ்டிக் நாற்காலி, முன்னால் ஒரு மேசை. மூன்று பேர் தயாரித்து வந்ததைப் பேசுவார்கள், ஆளுக்கு ஏழு நிமிடம். ஒருவர் கடிகாரத்தைப் பார்த்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு அட்டை காட்டுவார். இன்னொருவர் ‘வந்து’, ‘அதாவது’ என்று இழுப்பவர்களின் இழுப்பை எண்ணுவார். கடைசியில் பேசிய ஒவ்வொருவரைப் பற்றியும் ஒரு மதிப்பீட்டாளர் எழுந்து, எது நன்றாக இருந்தது, எதைத் திருத்தலாம் என்று மூன்று நிமிடம் சொல்வார்.

அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் கண்ணாடிக்காரன் இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தான்.

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவன் வேலை. வயது நாற்பத்துமூன்று. கல்யாணம் ஆகவில்லை, தம்பி குடும்பத்தோடு இருந்தான். மன்றத்தில் சேர்த்துவிட்டது கடை முதலாளி. “கஸ்டமர் ஆயிரம் கேள்வி கேக்குறாங்க, நீ மாடு மாதிரி தலைய ஆட்டுற. வாயத் திறந்தா முத்தா உதிர்ந்துடும்? போய் நாலு வார்த்தை பேசக் கத்துக்க.”

முதல் பேச்சு இரண்டு நிமிடத்தில் முடிந்துபோனது. அன்றைக்கு அவனை மதிப்பிட எழுந்தவள், அந்த ஊர் தபால் நிலையத்தின் போஸ்ட்மாஸ்டர்.

“ரெண்டே நிமிஷம்தான் பேசினார். ஆனா ஒரு டெய்லர் புதுக் கண்ணாடியப் போட்டுக்கிட்டு, முப்பது வருஷம் கூட வாழ்ந்த பொண்டாட்டியப் பாத்து, ‘உனக்குக் கன்னத்துல மச்சம் இருக்கா’ன்னு கேட்டாராமே, அதைச் சொல்லும்போது இவர் கையும் சேர்ந்து பேசிச்சு. திருத்த வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கண்ணைப் பத்திப் பேச வந்தவர் ஒருத்தர் கண்ணையும் பாக்க மாட்டேங்கிறார்.”

அறை சிரித்தது. அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். பிறந்ததிலிருந்து அவனைப் பற்றி யாரும் மூன்று நிமிடம் பேசியதில்லை. வீட்டில் அவனைப் பற்றிய பேச்சு, ‘அண்ணனுக்குச் சாப்பாடு எடுத்து வச்சாச்சா’ என்பதோடு முடிந்துவிடும்.

அதற்குப் பிறகு பதினெட்டுப் பேச்சு. யாரை யார் மதிப்பிடுவார்கள் என்ற பட்டியல் புதன்கிழமை வாட்ஸப்பில் வரும். அவள் பெயர் இருந்தால் அந்த வாரம் முழுக்க லென்ஸ் தானாகத் தேயும். இல்லாவிட்டால் பேச்சும் சப்பென்று போகும். அவளுக்கு ஹாஸ்டலில் படிக்கும் மகள் ஒருத்தி. கணவர் இறந்து எட்டு வருடம். இவ்வளவுதான் அவனுக்குத் தெரியும், அதுவும் அவள் மேடையில் சொன்னது.

பிறகு அவளுக்கு மாற்றல் வந்தது. கடைசிக் கூட்டத்தில் முகவரி இல்லாமல் வரும் கடிதங்களைப் பற்றிப் பேசினாள். நேரம் பார்க்கும் முறை அன்று கண்ணாடிக்காரனுடையது. பச்சை காட்டினான், மஞ்சள் காட்டினான். ஏழாவது நிமிடத்தில் சிவப்பு அட்டை கையிலேயே இருந்தது, கை எழவில்லை. சிவப்பைக் காட்டினால் அவள் நிறுத்திவிடுவாள்.

“ஒன்பது நிமிஷம் பத்து விநாடி,” என்று எழுந்து அறிக்கை வாசித்தான்.

“சிவப்பு எங்க சார் போச்சு?” என்றார் தலைவர்.

“கை மரத்துப்போச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள், அவளைத் தவிர. படிக்கட்டில் நின்று, “போயிட்டு வரேன் சார்,” என்றாள். “சரி,” என்றான் அவன். பத்தொன்பது பேச்சுப் பேசிய வாயிலிருந்து அந்த ஒரு வார்த்தைதான் வந்தது.

அடுத்த நான்கு சனிக்கிழமையில் ஒரு தடவை பேசினான், மதிப்பிட எழுந்த இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் அவனை வானளாவப் புகழ்ந்தார். ஒன்றும் காதில் ஏறவில்லை. “என்னண்ணே, பேயறைஞ்ச மாதிரி இருக்க?” என்றான் தம்பி. ஐந்தாவது வாரம், ஞாயிறு காலையில் கண்ணாடிக்காரன் பஸ் ஏறினான். அவள் மாற்றலாகிப் போன ஊர் மூன்று மணி நேரப் பயணம். அங்கேயும் ஒரு மன்றம், ஞாயிறுதோறும் ஒரு பள்ளிக்கூட அறையில் கூடியது. அவள் அதில் சேர்ந்திருப்பதைத் தலைவர் வாட்ஸப்பில் போட்டிருந்தார். புதியவர்கள் உட்காரும் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தான்.

அன்றைக்குக் கூட்டத்தை நடத்துகிறவள் அவளே. தாளிலிருந்து தலையைத் தூக்கியவள் அவனைப் பார்த்துவிட்டாள். ஒரு நொடி தடுமாறி, பிறகு வழக்கமான குரலில் சொன்னாள்: “இன்னைக்கு ஒரு விருந்தினர் வந்திருக்கார். நீங்க யாரு, எதுக்கு வந்தீங்கன்னு முப்பது விநாடியில சொல்லுங்க.”

சொந்தக்காரர் வீட்டுக்கு வந்ததாகச் சொல்லத்தான் பஸ்ஸில் யோசித்து வைத்திருந்தான். எழுந்து நின்றதும் அது நழுவிப் போய்விட்டது.

“நான் லென்ஸ் தேய்க்கிறவன். எங்க மன்றத்துல ஒருத்தங்க இருந்தாங்க. அவங்க கேக்குறாங்கன்னுதான் நான் பேசிக்கிட்டிருந்தேன். அவங்க இப்ப இங்க வந்துட்டாங்க. அங்க எனக்குப் பேச்சு வரல. அவங்களைப் பாக்கணும்னு வந்தேன்.”

யாரோ கை தட்டினார்கள், விஷயம் புரியாமலே. “நன்றி, உட்காருங்க,” என்று அவள் அடுத்த பேச்சாளரை அழைத்தாள். அதன்பிறகு ஒன்றரை மணி நேரம் யார் என்ன பேசினார்கள் என்று அவனுக்குத் தெரியாது.

நாற்காலிகளை அடுக்கும்போது பக்கத்தில் வந்து நின்றாள். “பஸ் எத்தனை மணிக்கு?”

“ரெண்டரைக்கு.”

பஸ் ஸ்டாண்டுவரை கூடவே நடந்து வந்தாள். பாதி வழியில் சொன்னாள்: “எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல சார். தனியா இருந்தே பழகிடுச்சு. பொண்ணுகிட்ட இதையெல்லாம் எப்படிப் பேச ஆரம்பிக்கிறதுன்னும் தெரியல.”

“பதில் கேட்டு வரல.”

“அப்புறம் எதுக்கு இவ்வளவு தூரம்?”

“அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேனே.”

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தாள். அவன் ஏறி உட்கார்ந்தபின் ஜன்னலோரம் வந்தாள். “இந்த மன்றத்துல ஒரு விதி இருக்கு. விருந்தினரா மூணு தடவதான் வரலாம். அதுக்கப்புறம் உறுப்பினரா சேரணும்.”

“இன்னைக்கு ஒண்ணு ஆச்சு.”

“ஆமா. இன்னும் ரெண்டு இருக்கு.”

பஸ் நகர்ந்தது. அவள் உருவம் கூட்டத்தில் கலந்து மறையும்வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். மறைந்த பிறகும் பார்த்தான். அடுத்த ஞாயிறு கடையில் ஸ்டாக் எடுக்கும் நாள், லீவு கேட்க வேண்டும். முதலாளியிடம் எப்படி ஆரம்பிப்பது என்று மூன்று மணி நேரமும் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனான். அடுத்த ஞாயிறுக்கு இன்னும் ஏழு நாள் இருந்தது.